செங்காலனுக்குக் கட்டின நீலநூல்

நேற்றுப் பின்னேரம் உம்முடைய மனிசன் சைக்கிளில் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. விறாந்தைப் படியில் நின்றுகொண்டே துவாயால் சுற்றின ஒரு சாமானை நீட்டினார். கையில் வாங்க முன்னமே மணம் வந்துவிட்டது. பூஞ்சணம் பிடித்த தோல் மணம், அதற்குள் நீர் தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய் மணமும் கொஞ்சம். என்னுடைய தூரக்கண்ணாடி. மலாயாவில் உத்தியோகம் பார்த்த காலத்தில் என் ஐயா குதிரைப் பந்தயம் பார்க்கவென்று வாங்கினது. போன பங்குனியில் உம்மைப் பாரிசவாதம் விழுத்தினபோது நானே கொண்டுவந்து உம்முடைய தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனது.

"முப்பத்தொராம் நாள் பூசையும் முடிஞ்சுது ரீச்சர்," என்றார். "இதை உங்களிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவ. உறைக்குள்ள ஒரு கடிதமும் இருக்கு. ஒட்டித்தான் தந்தவ. நான் பிரிக்கேல்லை."

அவர் துவாயை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

"கேக்கிறனெண்டு குறை நினையாதேங்கோ. அவவுக்கும் உங்களுக்கும் ஏதும் மனத்தாங்கலோ? கடைசிக் கிழமை முழுக்க 'ரீச்சர் வந்தவவோ, ரீச்சர் வந்தவவோ' எண்டு உங்களைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ."

"ஒண்டுமில்லை அண்ணை," என்றேன். "நாங்கள் மாரிக்கு மாரி பாலத்தடியில உள்ளான் குருவி பாக்கிறனாங்கள். அவ்வளவுதான்."

"ஓம், அது தெரியும்," என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வயது போய்விட்டது அந்த மனிசனுக்கும். முதுகு வளைந்துவிட்டது.

அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் என்றைக்காவது சொல்லிவிடுவேன் என்ற பயத்தோடேயே இருபத்திரண்டு வருசம் அவருக்குச் சோறு போட்டீர், பிள்ளைகளைப் பெற்றீர், கோயிலுக்குப் போய்வந்தீர். நேற்று ஒரு வசனம் போதுமாயிருந்தது எனக்கு. 'உங்கட பெண்சாதி பேர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி என்ர கலியாணத்தைக் குழப்பினவ, அதுவும் உங்களோட என்னைச் சேர்த்துவைச்சு எழுதினவ.' அவ்வளவுதான். சொல்லவில்லை. கெதியாய்ச் சந்தோசப்படாதேயும். உம்மைக் காப்பாற்றுகிற எண்ணம் ஒரு துளியும் இல்லை. சொன்னால் முடிந்துபோகும். எனக்கு முடியவேண்டாம்.

கடிதம் நேற்று இரவு மேசையில் கிடந்தது. உறையில் என் பேர், உம்முடைய குண்டுக் கையெழுத்தில். கீழ் மூலையில் உம்முடைய பேரும் முழுதாக எழுதியிருக்கிறது. உள்ளே என்ன என்று பிரிக்காமலே தெரியும். மன்னிப்புக் கேட்டிருப்பீர். உயிரோடு இருந்தபோது கேட்கப் பார்த்தீர், நான் விடவில்லை. இப்போது செத்தபிறகு கேட்கிறீர். பிரித்துப் படித்தேனென்றால் மனதுக்குள்ளாவது ஒரு மறுமொழி சொல்லவேண்டி வரும், ஓமென்றோ இல்லையென்றோ. அதுதான் யோசித்தேன். யோசித்துவிட்டு, கடிதத்தைத் தூரக்கண்ணாடி உறைக்குள்ளேயே திரும்பத் தள்ளிக்கொண்டு, காலமை முதல் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிப் புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாலத்தடியில் இறங்கினேன்.

எங்களுடைய நாள்தான் இன்றைக்கு. வானம் கழுவின சாம்பல் சட்டி போலக் கிடந்தது. வாடைக்காற்று அடித்தது. மழை என்றும் சொல்ல ஏலாது, மழையில்லை என்றும் சொல்ல ஏலாது, கண்ணாடியைத் துடைக்கத் துடைக்கப் பனிப்புகார் பிடிக்கிற அளவுக்கு ஒரு தூறல். தண்ணீர் வற்றிப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் சேறு வெளியே தெரிந்தது. கரையில் சாதாளைக் கடற்புல் குவிந்து அழுகி நாறியது. நீர் மூக்கைச் சேலைத்தலைப்பால் பொத்துகிற நாற்றம்.

எல்லாரும் வந்திருந்தார்கள். நாங்கள் 'தையல்காரி' என்று பேர் வைத்த சின்ன உள்ளான்கள் ஒரு நூறு இருக்கும், தலையைத் தூக்காமல் டக்கு டக்கென்று சேற்றைக் குத்திக்கொண்டு ஓடின. 'இன்ஸ்பெக்டர்' என்று நீர் பேர் வைத்த சாம்பல் நாரை, பழையபடி ஒரு பிள்ளையும் சரியாய்ப் படிக்கவில்லை என்கிற முகத்தோடு ஒற்றையாய் நின்றது. வளைந்த சொண்டுக் கோட்டான் ஒன்று, ஆந்தைக் கோட்டானில்லை, சேற்றுக் கோட்டான், நண்டுப் பொந்துக்குள் சொண்டை முழுக்க விட்டு, ஒரு திருப்புத் திருப்பி, நண்டை இழுத்து உதறிக் காலெல்லாம் கழற்றிவிட்டு விழுங்கியது. அப்புறம் செங்காலன்கள். சிவப்புக் காலும் மண்நிற உடம்புமாய், இரண்டு அடி வைத்து ஒரு குத்து, தலையை ஒரு ஆட்டு, திரும்ப இரண்டு அடி. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் முதலில் கத்துகிறதும் அதுதான். நான் இறங்கின உடனே ஒன்று கத்தியது.

நான் அதுகளின் காலைத்தான் பார்த்தேன். ஏனென்று உமக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் புங்குடுதீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வேலணை, நீர் மண்கும்பான். எனக்கு இயற்கைப் பாடம், உமக்குத் தையல். பிள்ளைகளுக்குப் பறவை சொல்லிக்கொடுக்க முதல் நானே பார்க்கவேண்டும் என்று ஐயாவின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாலத்தடியில் இறங்கத் தொடங்கினேன். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் முக்கால் மணித்தியாலம். "கண்டறியாத உள்ளான்! ஒரு பிடி இறைச்சி வராது, இதுக்கு ஒரு கண்ணாடி!" என்று நீர் சிரித்தீர். சிரித்துக்கொண்டே என்னோடு இறங்கினீர். இரண்டாம் கிழமை என்னிலும் பார்க்க நீர்தான் கண்ணாடியைக் கூட நேரம் வைத்திருந்தீர். அப்போது எனக்கு உம்மைவிட ஒரு சிநேகிதி கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒரு பக்கம் மட்டும் எழுதினேன் என்று இருக்கக்கூடாது.

அந்த வருசம்தான் எனக்குக் கலியாணம் முற்றானது. மாப்பிள்ளை அனலைதீவுப் பகுதி, இரத்தினபுரியில் கிளாக்கர். வீட்டில் கேட்டால் "உங்கட விருப்பம்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னேன். உமக்குத்தான் உண்மையைச் சொன்னேன். எனக்கு ஆசை இருந்தது. சரியான ஆசை. படத்தில் பார்த்த அந்த முகத்தில், பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குரலில், மழை விடாத ஒரு ஊரில் எனக்கென்று ஒரு குசினியில். "அங்க எப்பவும் மழையாம்," என்று சொல்லிப் பெரிய கறுத்தக் குடை ஒன்று வாங்கி உமக்குக் காட்டினேன். "பொன்னுருக்கு முடியமுதல் குடைக்கு என்ன அவசரம் காணும்?" என்று பகிடி பண்ணினீர்.

தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளுக்கு மூன்று கிழமை இருக்கிறபோதுதான் அது நடந்தது. இதே மாதிரிச் சாம்பல் நாள். சேற்றுக்குள் கம்பு நட்டுக் கட்டியிருந்த வலை ஒன்றில் செங்காலன் ஒன்று காலைக் கொடுத்துவிட்டுத் தலைகீழாய் அடித்துக்கொண்டு தொங்கியது. வலைக்காரர் அந்த நேரம் வலையடிக்கு வந்தார். உம்முடைய மச்சான். சின்ன வயதிலேயே உமக்கென்று பேசி வைத்திருந்தவர். அவர் பிடித்துக் கழுத்தைத் திருகிக் கறிக்குக் கொண்டுபோகப் பார்க்க, நான் செருப்பைக் கழற்றிப்போட்டு, சேலையை முழங்கால்மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிவிட்டேன்.

"அண்ணை, கொல்லாதேங்கோ! பிடிச்சிருங்கோ, நான் வெட்டிவிடுறன்!"

"ரீச்சர், உங்க ஆழம்!" என்று அவர் கத்த, நீர் கரையில் நின்று "ஐயோ, விசரே உமக்கு? வாரும் இங்கால!" என்று கத்தினீர். நான் கேட்கவில்லை. அவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடிக்க, உம்முடைய தையல் பையிலிருந்த கத்தரிக்கோலை நீர் எறிய, நான் வலைநூலை ஒவ்வொன்றாய் வெட்டினேன். அதன் நெஞ்சு அவருடைய விரல்களுக்குள் அடித்துக்கொண்டது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "நீலநூலையும் எறியும்! காலில கட்டிவிடுவம். அடுத்த மாரிக்கு இதே செங்காலன் வாறானோ எண்டு பாப்பம்." நீர் சிரித்துக்கொண்டே நூல்கட்டையை எறிந்தீர். சிவப்புக் காலில் நீலநூல். மூன்று முடிச்சு. வடிவாகத்தான் இருந்தது.

உம்முடைய மச்சான் சிரித்தார். "இப்பிடி ஒரு ரீச்சர் எனக்குப் படிப்பிச்சிருந்தால் நான் எட்டாம் வகுப்போட நிண்டிருக்கமாட்டன்," என்றார். ஒரு பகிடி. இளந்தாரி, வாயில் வந்ததைச் சொன்னார். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் குறிகட்டுவான் பஸ் வந்தது. சனம் முழுக்க ஜன்னலால் எட்டிப் பார்க்க, டிரைவர் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். நாங்கள் கையை விரிக்க, செங்காலன் கத்திக்கொண்டு பறந்தது. நான் சேற்றுக்காலோடு கரையேறினபோது நீர் சிரித்துக்கொண்டுதான் நின்றீர். கண் சிரித்ததோ இல்லையோ, நான் பார்க்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை. உள்ளானின் காலைப் பார்த்தேன், உம்முடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது உமக்குத் தெரியும். நீர்தானே எழுதினீர். என்றாலும் எங்கள் வீட்டில் அது எப்படி வந்து இறங்கினது என்று உமக்கு ஒருநாளும் தெரியாது. இன்றைக்குச் சொல்கிறேன், கேளும்.

தரகர் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தபாலில் வந்ததாம். தரகர் செருப்பைக் கூடச் சரியாய்க் கழற்றாமல் கடிதத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஐயா இரண்டுதரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "படி. வாய்விட்டுப் படி," என்றார். படித்தேன். என் ஐயாவுக்கு முன்னால் நின்று, என் வாயாலேயே, அதை முழுக்கப் படித்தேன்.

'உங்கள் வீட்டுக்கு மருமகளாய் வரப்போகிறவள் கடல்தொழில் செய்கிற வேதக்கார இளந்தாரி ஒருவனோடு பாலத்தடியில் சேற்றுக்குள் சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றவள். பஸ்ஸில் போன சனம் முழுக்கச் சாட்சி. அவன் கையில் நீலநூல் கட்டிச் சத்தியம் பண்ணினவள்.'

வேதக்காரன் என்று எழுதினீர், ஏதோ சைவக்காரர் எழுதின மாதிரி. நீரே ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற பிள்ளை. கெட்டித்தனம்தான். எழுத்தும் கோணல்மாணலாய்க் கிடந்தது. "இடக்கையால எழுதியிருக்கு," என்றார் ஐயா. "ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாது."

எனக்கு நீலநூல் வந்த இடத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. பஸ்ஸில் போன சனத்துக்கு என் சேலை தெரிந்திருக்கும், சேறு தெரிந்திருக்கும், பக்கத்தில் நின்ற ஆம்பிளை தெரிந்திருக்கும். நூல் தெரிய வழியில்லை. நூலைக் கண்டவர்கள் மூன்று பேர். ஒன்று நான். மற்றது உம்முடைய மச்சான், அவருக்கு அனலைதீவு எந்தப் பக்கம் என்ற யோசனையே கிடையாது. மூன்றாவது ஆள் நூலை எறிந்தவள்.

ஐயாவுக்கு நான் சொல்லவில்லை. "இது பொய்யெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் அவர். "ஆனால் நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? எத்தனை பேரிட்டைச் சொல்லுறது?" பொன்னுருக்கு நடக்கவில்லை. அவர்கள் வேறு இடத்தில் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பேச்சிலும் அந்தச் சேறு எனக்கு முன்னால் போய் நின்றது. நான் ரீச்சராகவே இருந்தேன். குடை இருபது வருசம் உழைத்தது, வேலணை மழைக்கு.

அன்று பின்னேரம் நீர் ஓடிவந்தீர், நினைவிருக்கிறதோ? என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர். "ஆர் காணும் அந்தப் பாவி? அந்தக் கை விளங்காமல் போகும்! பாத்துக்கொண்டிரும், அழுகித்தான் போகும்!" என்று திட்டினீர். உம்முடைய கண்ணீர் என்னுடைய சட்டையில் சூடாய்ப் பட்டது. "என்ன எழுதியிருந்தது?" என்று மெல்லக் கேட்டீர். நான் கடிதத்தைப் பார்க்கவில்லை, ஐயா கிழித்துப்போட்டார் என்று சொன்னேன். உம்முடைய மூச்சு இறங்கினது எனக்குக் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டதும் முடிவெடுத்தேன். சண்டை பிடிக்கிறதில்லை. சண்டை பிடித்தால் நீர் அழுவீர், காலில் விழுவீர், ஊர் வந்து சமாதானம் செய்யும். அது உமக்குத்தான் சுகம்.

நீர் அந்த ஆவணியில் மச்சானைக் கட்டினீர். நான் வந்தேன், பரிசு தந்தேன். விசரி, நான் யோசித்துப் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் இரத்தினபுரிக்குப் போயிருப்பேன், உம்முடைய மச்சானும் ஒருவருக்கும் பங்கில்லாமல் உமக்கே இருந்திருப்பார். ஒரு பகிடிக்காக எரிச்சல்பட்டு, போகப்போகிறவளைப் பிடித்துப் பக்கத்திலேயே இருத்திக்கொண்டீர். அவ்வளவு மூளை.

அடுத்த மாரி வந்தது. "உள்ளான் பாக்கப் போவமே?" என்று நானே கேட்டேன். வந்தீர். நான் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். செங்காலன்கள் ஒரு ஏழெட்டு மேய்ந்தன. ஒன்றின் காலிலும் ஒன்றும் இல்லை.

"இஞ்ச பாரும்! நீலநூல்காரன் வந்திட்டான்!" என்றேன்.

"உண்மையாவோ? எங்க?"

"அந்தக் கம்படியில. வடிவாய்த் தெரியுது." கண்ணாடியை உம்முடைய கையில் தந்தேன். தந்துகொண்டே சொன்னேன். "நல்லகாலம் காணும், நாங்கள் நூலைக் காலில கட்டினது. கையில கட்டியிருந்தால் என்னென்ன கதை வந்திருக்கும்."

நீர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க ஏலாது, எடுத்தால் என்னைப் பார்க்கவேண்டி வரும்.

"தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றீர் கடைசியில். "ஓம், தெரியுது."

இல்லாத நூலை நீர் கண்டீர். பொய்தான் உமக்குக் கைவந்ததாயிற்றே. நான் இருபத்தொரு மாரி உம்மை அதையே காண வைத்தேன். ஒவ்வொரு மாரியும் ஒரு சாம்பல் நாள் பார்த்து, பாலத்தடியில் பக்கத்தில் நின்று, "வந்திட்டானோ எண்டு பாரும்" என்று கண்ணாடியைத் தந்தேன். நீர் பார்த்து "ஓம்" என்றீர். வேறொரு வார்த்தை இல்லை அதைப்பற்றி. வயிற்றில் பிள்ளையோடும் வந்தீர். காய்ச்சலோடும் வந்தீர். ஒரு மாரி வராமல் ஒளித்தீர், நான் மண்கும்பானுக்கே வந்து முற்றத்தில் நின்று, "என்ன, உள்ளான் பாக்க வரேல்லையோ?" என்று உம்முடைய மனிசனுக்கும் கேட்கச் சத்தமாய்க் கேட்டேன். "ரீச்சர் மினக்கெட்டு வந்திருக்கிறா, போட்டு வாருமன்," என்றார் அந்தப் பாவம். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தீர்.

எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். ஏன் மறைக்கவேண்டும்? தையல்காரிகள் குத்திக்கொண்டு ஓடும், கோட்டான் நண்டை உதறும், இன்ஸ்பெக்டர் முறைக்கும், பக்கத்தில் நீர் செத்துச் செத்து நிற்பீர். வருசத்தில் மற்ற நாளெல்லாம் நான் ஒற்றையாய்ச் சோறு தின்கிற ஆள். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு முன்னால் ஒரு சீவன் என்னை நினைத்துப் பயந்துகொண்டு நின்றது.

போன மாரி நீர் அதைக் கெடுக்கப் பார்த்தீர். கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை.

"இல்லை," என்றீர். "அங்க ஒரு நூலும் இல்லை. ஒருநாளும் இருந்ததுமில்லை. உமக்கும் தெரியும். நான் சாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். அவர் உம்மிட்டைப் போய் நேரை கேக்கச் சொல்லுறார். நான் உமக்கு…"

"ஸ்! கத்தாதேயும், பறந்திடும்," என்றேன்.

"பறக்கட்டும்! என்னை ஒருக்கால் சொல்லவிடும். கடவுளாணை, ஒருக்கால்…"

அப்போது செங்காலன்தான் கத்தினது, கூட்டம் முழுக்க எழும்பித் தண்ணீருக்கு மேலால் ஒரு வளைவு வளைந்து தூரப் போய் இறங்கினது. நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்துவிட்டேன். நீர் பின்னால் வந்தீரோ நின்றீரோ, திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தொரு வருசத்தில் நீர் சொன்ன முதல் உண்மை அது. எனக்கு வேண்டாம்.

பங்குனியில் செய்தி வந்தது, உமக்குப் பாரிசவாதம், இடப்பக்கம் விழுந்துவிட்டது என்று. இடக்கை. நான் நயினாதீவு அம்மாளுக்கு நேத்தி ஒன்றும் வைக்கவில்லை, ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. அந்தக் கைக்கு நீர்தான் என் தோளில் சாய்ந்துகொண்டு சாபம் போட்டனீர். என்றாலும் பொய் சொல்லப்படாது. செய்தி கேட்டுவிட்டு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டு, சீனி கூடப் போட்டு, ஆறுதலாய் இருந்து குடித்தேன்.

பிறகு ஒரு நாள் பார்க்க வந்தேன். கடற்கரைப் பக்க ஜன்னலடியில் கட்டில் போட்டிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் கதைக்க முடிந்தது உம்மால். மனிசன் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போக, வலக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தீர். நல்ல பிடி.

"நான்… சாகமுதல்…"

நான் மெல்லக் கையைக் கழற்றி, பையிலிருந்து தூரக்கண்ணாடியை எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். "இதை வைச்சிரும். படுத்துக்கொண்டே பாக்கலாம். மாரிக்கு நீலநூல்காரன் வருவான், கண்டால் சொல்லி அனுப்பும்," என்றேன். உம்முடைய கண்ணால் தண்ணீர் ஓடி, இழுத்துப்போன வாயில் இறங்கினது. தேத்தண்ணி வந்தது, குடித்துவிட்டு எழும்பினேன். அதற்குப் பிறகு நான் வரவில்லை. நீர் கடைசிக் கிழமை கேட்டீராம். கேட்டிருப்பீர். நானும் ஒரு காலம் தபாற்காரன் வருகிற நேரமெல்லாம் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான், அனலைதீவிலிருந்து மனம் மாறி ஒரு கடிதம் வருமோ என்று.

இதெல்லாம் முடிந்தது. இன்றைக்குப் பாலத்தடியில் நான் ஒற்றையாய் நின்றேன். இனி என்ன நடந்தது என்று சொல்கிறேன், உமக்கு இது பிடிக்கும், சிரிக்கிறதென்றால் சிரியும்.

செங்காலன்கள் பதினொன்று. நான் ஒவ்வொன்றின் காலாய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் தர ஆளில்லை, பொய் சொல்ல ஆளில்லை, என்றாலும் பார்த்தேன். ஒன்று வெறுங்கால். இரண்டு வெறுங்கால். பத்தும் பார்த்தாயிற்று. பதினோராவது ஒற்றைக்காலில் நின்று தூங்கினது, மற்றக் காலை வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு. அது காலை இறக்கும்வரை என்னால் அசைய ஏலாமல் போய்விட்டது. நூல் ஒரு மாரிக்கே உக்கியிருக்கும், அந்தச் செங்காலன் எப்போதோ செத்து மண்ணாய்ப் போயிருக்கும், எல்லாம் தெரியும் எனக்கு. தெரிந்துகொண்டும் நின்றேன். ஒரு பஸ் போனது. இரண்டாவது பஸ்ஸும் போனது. கண்டக்டர் பெடியன் "ஏறேல்லையோ ரீச்சர்?" என்று கூப்பிட்டான், கையைக் காட்டிவிட்டேன். விரல் விறைத்துவிட்டது. கடைசியில் அது சோம்பல் முறித்துக்கொண்டு காலை இறக்கினது. சிவப்புக் கால். வெறுங்கால். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இருபத்தொரு வருசம் நான் உமக்கென்று வைத்திருந்த தண்டனை. நீர் தப்பிவிட்டீர், அது என்னிடம் நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு மாரியும் எல்லாக் காலையும் பார்த்து முடிக்காமல் என்னால் வீட்டுக்குப் போக ஏலாது. இதற்கும் சேர்த்து உம்மை நான் மன்னிக்கமாட்டேன்.

அதனால் உம்முடைய கடிதம் பிரிபடாது. நெருப்பிலும் வைக்கமாட்டேன். எரித்தால் நீர் விடுபட்டுப் போவீர். அது தூரக்கண்ணாடி உறைக்குள்ளேயே கிடக்கட்டும், நான் போகிற இடமெல்லாம் என்னோடு வரட்டும். நீர் பேர் போடாமல் எழுதின கடிதத்தை ஊரே படித்தது. பேர் போட்டு எழுதினதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. இதையும் எழுதி மடித்து அதற்குப் பக்கத்தில் வைப்பேன். உம்முடையதை நான் படிக்கமாட்டேன், என்னுடையதை உம்மால் படிக்க ஏலாது. இரண்டும் பூஞ்சணம் பிடிக்கட்டும்.

அன்றைக்கு நீர் கரையிலிருந்து எறிந்த நூல்கட்டையை நான் திருப்பித் தரவில்லை. நீரும் கேட்கவில்லை, எப்படிக் கேட்பீர்? என்னுடைய அலுமாரி லாச்சிக்குள் இவ்வளவு காலமும் கிடந்தது. வெளிச் சுற்று வெளுத்துப்போனது, உள்ளே இன்னும் நல்ல நீலம். அதில் ஒரு துண்டு வெட்டி, இந்தத் தாளின் அடியில், பேர் எழுதுகிற இடத்தில், ஊசியால் கோத்து மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

பேர் போடவில்லை. ஆர் எழுதினதென்று உமக்குத் தெரியும்.